முதலில் தெள்ளுப்பூச்சி, அப்புறம் எலி

கோமு,

இங்கே எல்லோரும் சுகம், எலிகள் உட்பட. இன்று காலையில் ஒன்று பால்கனிக் கம்பி வழியாக இறங்கி வந்து, உன் அம்மா முறத்தில் காயப்போட்டிருந்த வேர்க்கடலையில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் போல நிதானமாகத் திரும்பிப் போயிற்று. அம்மா துடைப்பத்தைத் தேடவில்லை. "உங்களத் தேடித்தான் எம் மக காடு மலையெல்லாம் போகப் போறாளாம், நீ இங்கன வந்து நிக்கியே" என்று அதனிடம் முறையிட்டுவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். 'போக வேண்டாம்' என்று எழுத வேண்டும். காரணங்களை நானே சேர்த்துக்கொள்ளலாமாம். ராணுவ டிப்போவில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு ஆர்டர் புதிதில்லை. ஆனால் எந்தப் பொருளையும் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, ரெண்டு சாயங்காலம் வைத்துக்கொண்டு படி.

போன வாரம் நீ பெங்களூரிலிருந்து ஃபோன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. பயிற்சி முடிந்தது, இனி களத்துக்குப் போகலாம் என்று நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாய். மலையடிவாரக் கிராமங்களில் கூண்டு வைத்து எலி பிடிக்க வேண்டும், அதை மயக்கிப் போட்டு உடம்பைச் சீப்பால் வார வேண்டும், விழுகிற தெள்ளுப்பூச்சிகளைச் சின்னக் குப்பியில் சேர்க்க வேண்டும், எலியின் ரத்தத்தை எடுத்து பிளேக் கிருமி வந்துபோன அடையாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீ சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. ஃபோனை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, எம்.எஸ்ஸி. படிக்க வைத்தது எலிக்குத் தலை வாரிவிடவா என்பது. இரண்டாவது கேள்வி, உன்னைப் பெண் கேட்டிருக்கும் அந்த சிஞ்ச்வட் கோயம்புத்தூர்க்காரர்களிடம் என்ன சொல்வது என்பது. பையன் ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் பெரிய சம்பளத்தில் இருக்கிறான், பொண்ணு என்ன செய்கிறாள் என்று அவன் அம்மா ஏற்கெனவே கேட்டாயிற்று. 'சென்ட்ரல் கவர்மென்ட்' என்று சொல்லிவிட்டு, உன் அம்மா அவசரமாக ரசப்பொடி பக்கம் பேச்சைத் திருப்பியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் இங்கே பன்றிக் காய்ச்சல் வேறு. புனே முழுக்க மறுபடி முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிகிறது. லோக்கல் ட்ரெயினில் ஒருத்தர் தும்மினால் அந்தப் பெட்டியில் பாதி பேர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறார்கள். ஊரே நோய்க்குப் பயந்து ஓடும்போது, தன் மகள் மட்டும் அதன் விலாசத்தை விசாரித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போகிறாளே என்பதுதான் அம்மாவின் ஆற்றாமை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட மாதிரி என்று தினமும் ஒருமுறை சொல்கிறாள். நீயோ, நாங்கள் இரண்டு பேரும் மனசாரச் சரியென்று சொன்னால்தான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டாய். இந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிற பிள்ளை யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. பெருமைப்பட்டு முடிந்த பிறகுதான், முடிவை எங்கள் தலையில் கட்டிவிட்டாய் என்பது உறைத்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நீ சொல்வாய். இருக்காது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. உனக்கு ஞாபகம் இருப்பது நாங்கள் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை மட்டும். நடந்தது சிரிப்பாக ஆரம்பிக்கவில்லை. முதலில் பீட் மாவட்டத்தில் ஏதோ கிராமத்தில் பிளேக் என்றார்கள். முந்தின வருஷம் பூகம்பத்துக்குப் பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளியே படுத்தார்கள், உள்ளே கிடந்த தானியத்தைத் தின்று எலி பெருகிவிட்டது என்று டிப்போவில் பேசிக்கொண்டோம். அப்புறம் சூரத். அது மூச்சுக்காற்றில் பரவுகிற வகை என்று டிவியில் சொன்னார்கள். அங்கிருந்து கூட்டம் கூட்டமாக ரயிலேறிப் புறப்பட்ட ஜனங்களைக் காட்டினார்கள். அவ்வளவுதான், நம் தேஹு ரோடு ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்குகிற ஒவ்வொருத்தரையும் சூரத்துக்காரராகப் பார்க்க ஆரம்பித்தோம். பஜாரில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோயிற்று. காய்ச்சல் இல்லாதவர்கள் எல்லாம் வாங்கி முழுங்கினார்கள். எனக்கும் ஒரு பட்டை கிடைத்தது. அதில் உனக்குப் பாதி தரலாமா என்று யோசித்தேன், நல்லவேளை தரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் பல்லில் கறை பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாத்திரைக்குப் பதில் அம்மா துணியில் கற்பூரத்தை முடிந்து உன் கழுத்தில் தொங்கவிட்டாள். நீ வகுப்புக்குள் நுழைந்தாலே கோயில் வாசம் அடித்தது என்று உன் டீச்சர் சொன்னார்.

பயம் இருக்கிறதே, அது சும்மா உட்கார விடாது. எதையாவது செய்யச் சொல்லும். நம் குவார்ட்டர்ஸில் செய்வதற்குக் கைவசம் இருந்தது எலி. வரிசையாக வீடுகள், பின்னால் சாக்கடை, அதற்கப்பால் ரேஷன் கிடங்கு. எலிகளுக்குப் பஞ்சமே இல்லை. மாடி வீட்டு ஜக்தாப்பும் நானும் சேர்ந்து கமிட்டி போட்டோம். அவர் சாதாரண ஆளில்லை, குவார்ட்டர்ஸ் கணபதி உற்சவத்தையே தனியாளாக நடத்துகிறவர். கூண்டுகளை வரவழைத்தோம். அதற்குள் வைக்கும் தீனியில்தான் மகாராஷ்டிராவுக்கும் திருநெல்வேலிக்கும் தகராறு வந்தது. கருவாடுதான் சரி என்று அவர் சொன்னார். ஆமவடைக்கு இணை எதுவும் கிடையாது என்று நான் சொன்னேன். கிழக்கு வரிசையில் அவர் கருவாடு, மேற்கு வரிசையில் நம் வடை என்று முடிவாயிற்று. மேற்கு வரிசைத் தமிழ் வீடுகளில் கடலைப்பருப்பை ஊறப்போட்டு அரைத்து, சோம்பும் வெங்காயமும் போட்டு, ஏதோ சம்பந்தி வீட்டார் வரப்போவது போலச் சுட்டார்கள். எலிக்குத்தானே, உப்பு எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் பழமொழி சொன்னேன். அது உண்மையும்கூட, ஏனென்றால் பாதி வடை கூண்டுக்குப் போகும் வழியிலேயே கமிட்டி மெம்பர்களால் தீர்ந்தது.

அந்த வாரம் மாதிரி ஒரு கொண்டாட்டத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. காலையில் டிப்போவுக்குக் கிளம்புமுன் எல்லோரும் கூண்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவோம். வாளித் தண்ணீரில் கூண்டை முக்கி எடுப்பது, எலியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவது, வடைக்கு எத்தனை, கருவாட்டுக்கு எத்தனை என்று ஜக்தாப்போடு சண்டை போடுவது. கையுறையாவது ஒன்றாவது! நான் தூக்கிக் காட்டும்போது நீ கைதட்டினாய். செத்த எலிகள் மைதானத்து ஓரமாகக் குவிந்து கிடந்தன. நகராட்சி வண்டி வரும்வரை அவை அப்படியே கிடந்தன. ஊரைக் காப்பாற்றிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரு நிறைவு.

அப்போதுதான் டாக்டரம்மா வந்தார். பஜாரில் கிளினிக் வைத்திருந்த அந்த மராட்டிய லேடி டாக்டரை உனக்கு நன்றாகத் தெரியும். குட்டையான உருவம், ஊரே கேட்கிற குரல். யாரோ சொல்லி நேராக மைதானத்துக்கு வந்தவர், குவியலைப் பார்த்ததும் எங்கள் எல்லோரையும் பத்தடி பின்னால் போகச் சொன்னார். பிளேக் கிருமி எலியிடமிருந்து உங்களிடம் எதில் ஏறி வரும், சொல்லுங்கள் என்று கேட்டார். ஜக்தாப் காற்று என்றார். நான் எச்சில் என்றேன். தெள்ளுப்பூச்சி என்றார் அவர். எலி உயிரோடு இருக்கும்வரை அது எலியின் ரோமத்துக்குள் குடியிருக்கும். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதற்கு வேறு சூடான உடம்பு வேண்டும். பக்கத்தில் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைவிட வசதியான வீடு அதற்கு எங்கே கிடைக்கும்? நோய் வந்த இடத்தில் எலிகள் தானாகச் செத்து விழும், அதைப் பார்த்ததும் ஜனங்கள் மிச்சமிருக்கும் எலியையும் அடிப்பார்கள், தெள்ளுப்பூச்சி மொத்தமும் மனிதன்மேல் ஏறும் என்று சொல்லி, விரலை நீட்டி எங்கள் எல்லோருக்கும் பாடம் மாதிரிச் சொன்னார்: "பஹலே பிஸ்ஸு, பாத் மே சூஹா." முதலில் தெள்ளுப்பூச்சியைக் கொல்லு, அப்புறம் எலியைத் தொடு. வளைக்குள்ளும் சுவரோரமும் பூச்சிமருந்துப் பொடியைத் தூவிவிட்டு, அதற்குப் பிறகுதான் கூண்டு வைக்க வேண்டுமாம். நாங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறோம்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக ஆயிற்று. எனக்கு அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஸ்டோரில் நாங்கள் தினமும் அல்லாடுவது அதற்குத்தானே, எது முன்னால், எது பின்னால். உலகத்தையே கதிகலங்க வைத்த ஒரு நோயை அடக்குவதும் கடைசியில் வரிசைப் பிரச்சினைதான் என்றதும் எனக்கு அதன் மேலிருந்த பயத்தில் பாதி போய்விட்டது. அன்று சாயங்காலமே பொடி வந்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, டாக்டரம்மா சொன்ன இடமெல்லாம் தூவினோம்.

மீதிப் பயம் இரண்டு நாள் கழித்து, ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தது. நீ ஷூ போட மாட்டேன் என்று அழுதாய். அம்மா தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது. நொண்டி நொண்டி நடந்தாய். தொடை இடுக்கில் வலிக்கிறது என்றாய். அம்மா பார்த்தாள். எலுமிச்சங்காயில் பாதி அளவுக்குக் கட்டி. நம் ஊரில் நெறி கட்டுவது எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைக்கும் நடப்பதுதான். ஆனால் அந்த வாரம் டிவியில் காட்டியது முழுக்க அதே இடம், அதே கட்டி. என் கைகளைப் பார்த்தேன். எத்தனை வாலைப் பிடித்த கை, அதே கையால் உனக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

செய்தி மாடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஜக்தாப் இறங்கி வந்தார். அவர் குடும்பத்துக்கு பிளேக் என்றால் புத்தகத்தில் படித்தது இல்லை. அவருடைய கொள்ளுத் தாத்தா காலத்தில் புனேயில் பிளேக் வந்தபோது, வெள்ளைக்கார சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து, சாமி அறை வரைக்கும் பூட்ஸ் காலோடு போய், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். போனவர்கள் திரும்பவில்லை. அதனால் ஜனங்கள் நோயாளியை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தார்களாம். ஜக்தாப் கதவைச் சாத்திவிட்டு, அக்கறையோடுதான் சொன்னார், குழந்தையை வெளியே காட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் தனியாக அடைத்துவிடுவார்கள், உங்களைப் பார்க்கக்கூட விட மாட்டார்கள் என்று. எனக்கு அது நியாயமாகப் பட்டது, கோமு. அவர் ஒரு மருந்து வாங்கி வருகிறேன் என்றார், நான் சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா கற்பூர முடிச்சை உன் கழுத்திலிருந்து அவிழ்த்து ஓரமாக வைத்தாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், எட்டு வயசுப் பிள்ளையை. "ஒளிச்சு வைக்க இது என்ன நகையா? வழிய விடுங்க" என்று ஜக்தாப்பிடம் தமிழிலேயே சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் வழி விட்டார். குவார்ட்டர்ஸ் முழுக்க ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருக்க, நடு ரோட்டில் உன்னைச் சுமந்துகொண்டு அவள் நடந்தாள். ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்தவில்லை. நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. முதலில் எங்களை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டார். உன்னிடம் மராட்டியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டியைத் தொட்டுப் பார்த்தார். நீ முகத்தைச் சுளித்தாய், ஆனால் அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப் என்ன விலை என்று கேட்டாய். பிளேக் கட்டியாக இருந்தால் இப்படித் தொட விடமாட்டாள், இப்படி விலை விசாரிக்கவும் மாட்டாள் என்று அவர் எங்களிடம் சொன்னார். அப்புறம் கட்டியை விட்டுவிட்டு, அதே காலைக் கீழே பார்த்துக்கொண்டே போனார். முழங்கால், கணுக்கால், பாதம். குதிகாலில் வந்து நின்றார். அங்கே ஒரு கிழிசல், சுற்றிலும் சிவந்து சீழ் வைத்திருந்தது. நீ அதன்மேல் புழுதியை அப்பி மறைத்திருந்தாய். எப்படி ஆயிற்று என்று அவர் கேட்டார். நீ கூரையைப் பார்த்தாய். மறுபடியும் கேட்டார். "வடை" என்றாய்.

விஷயம் இதுதான். அம்மா சுட்ட வடை எல்லாம் எலிக்கே போகிறது, உனக்கு ஒன்றுதான் கிடைத்தது என்று உனக்குக் குறை. புதுசாகத் தீனி வைத்த கூண்டுக்குள் கைவிட்டு வடையை எடுத்துத் தின்றிருக்கிறாய். கதவு ஸ்பிரிங் இழுக்காமல் இருக்கக் கூண்டைக் காலால் மிதித்துப் பிடித்தபோது, துருப்பிடித்த கம்பி குதிகாலைக் கிழித்திருக்கிறது. கூண்டைத் தொட்டால் அடி விழும் என்று நான் மிரட்டியிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மேற்கு வரிசையில் தீனி மட்டும் போய் எலி சிக்காத கூண்டுக்கெல்லாம் நான் ஜக்தாப்பின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்! டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். உன் அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே உன் முதுகில் ஒன்று வைத்தாள். நான் டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். அவர் என் கைகளைப் பார்த்து, முதலில் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார்.

அதோடு அவர் எங்களை அனுப்பிவிடவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஊசி போட்டு, மருந்து எழுதி, சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று ரத்தமும் எடுத்துக்கொண்டு, உன் காலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். காலில் நுழைகிற கிருமி மேலே ஏறும்போது, தொடை இடுக்கில் ஒரு போலீஸ் சௌக்கி, நம் ஊர்க் காவல் சாவடி மாதிரி, இருக்கிறது. அங்கே அதைப் பிடித்து அடிக்கிறார்கள், அந்தக் கலவரம்தான் இந்தக் கட்டி. பிளேக் கிருமியும் அதே வழியாகத்தான் வரும். தெள்ளுப்பூச்சி காலில் கடித்தால் அதே சௌக்கிக்குத்தான் போகும். ஆனால் அது சௌக்கியையே பிடித்துக்கொண்டு, உள்ளேயே பெருகி, ரத்தத்தில் இறங்கிவிடும். நுரையீரலுக்குப் போனால் இருமலில் அடுத்தவருக்குப் பரவும். அதற்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். "பிளேக் வந்தா ஆள் போச்சுங்கறது பழைய கதை. இப்ப மறைச்சாத்தான் ஆள் போகும்" என்று அவர் ஹிந்தியில் சொன்னதை நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நீ கேட்டாய், தெள்ளுப்பூச்சியைப் பார்க்க முடியுமா என்று. மலேரியா பார்க்க வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில், தெரு நாயிடம் பிடித்த ஒன்றை ஸ்லைடில் வைத்து அவர் காட்டினார். உடம்பெல்லாம் மயிர், பின்னங்கால் உடம்பைவிட நீளம். காய்ச்சலோடு ஸ்டூலில் ஏறி நின்று, நீ அதிலிருந்து கண்ணை எடுக்க மறுத்தாய். உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

கட்டி வடிந்தது, நவராத்திரிக்கு நீ துள்ளிக்கொண்டு இருந்தாய். அந்த வருஷம் கொலுவுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று அம்மா சுண்டல் குறைவாகத்தான் போட்டாள். குவார்ட்டர்ஸே வந்துவிட்டது. வடைத் திருடியைப் பார்க்க வந்த கூட்டம் அது. ஜக்தாப் குடும்பத்தோடு வந்து, உன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் பொரித்த கருவாடு. கொலுப்படிக்கு முன்னால் கருவாடு! அம்மா ஒரு நிமிஷம் முழித்தாள், அப்புறம் அதை வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து, அவர்களுக்கு ஆமவடை கொடுத்தாள். வடைதான் நல்லது என்று அன்றைக்கு ஜக்தாப் ஒப்புக்கொண்டார். எலிக்கும் வடைதான் பிடிக்கும் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பிளேக் ஒழிந்துபோன நோய், சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கேயும் போகவில்லை, காட்டு எலிகளிடம் குடியிருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது, அமெரிக்காவிலும்கூட இருக்கிறது, நம் மலைகளிலும் எப்போதாவது தலைகாட்டுகிறது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். அது எலிகளுக்குள் கிளம்பும்போதே யாராவது பார்த்துச் சொன்னால் கிராமம் தப்பிக்கும். அந்த யாராவது நீயாக இருப்பதில் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. போகிற இடத்தில் ஜனங்கள் உன்னைக் கண்டு கதவைச் சாத்தினால் கோபப்படாதே. படித்த உன் அப்பனே தலையாட்டிக்கொண்டு நின்றவன்தான். பயந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே, அவனுக்கும் ஒரு கொள்ளுத் தாத்தா இருந்திருப்பார். எந்த ஊரில் நோய் வந்ததோ அந்த ஊர்க்காரர்களை நோய் மாதிரிப் பார்க்காதே. ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கியவர்களை நாங்கள் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் உறுத்துகிறது. டாக்டரம்மா மாதிரி, உனக்குத் தெரிந்ததை எட்டு வயசுப் பிள்ளைக்கும் சொல்லு. கல்யாணப் பேச்சை எங்களிடம் விட்டுவிடு. எலிக்குத் தலை வாருகிறவளைக் கண்டு ஓடுகிற பையன், நாளைக்கு உன் சமையலைச் சாப்பிட்டால் என்ன ஆவானோ, இப்போதே ஓடிவிடட்டும்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆர்டரை மீறிவிட்டேனே, திட்டட்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். வடை வந்த இடத்தில் சிரித்தாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் வேர்க்கடலையைத் தோலுரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இம்புட்டு எழுதுதியளே, அவளுக்குப் பயமா இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

கேட்கவில்லை, கோமு. நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்வதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. 'உன் மகளுக்கு எங்கே பயம், அவள்தான் மைக்ராஸ்கோப்பைவிட்டு வர மாட்டேன் என்றவளாயிற்றே' என்று நான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா என்னை முடிக்க விடவில்லை.

"அன்னைக்கு எனக்கு இருந்த பயத்துலதான் புள்ளையத் தூக்கிட்டு ஓடுனேன். பயமில்லன்னு அவ சொன்னான்னா நான் விடமாட்டேன். பயமா இருக்குன்னு சொல்லட்டும், கை உறைய ஒழுங்கா மாட்டுவா. அப்பன்னா அனுப்புதேன்."

இதற்கு மேல் என்னிடம் ஆர்டர் ஒன்றும் இல்லை. கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். எடுக்கப் போவது நானில்லை, அம்மா. அவளிடம் தைரியம் காட்டாதே, மகளே. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய் வா.

உன் அப்பா